மஞ்சள் இறங்கும் நேரம்

மாதுவுக்கு ஒரு நாளைக்கு ஒரு பாட்டில் தண்ணீர்தான். காலையில் வாசல் தெளித்த கையோடு பெரியம்மாள் அதை நிரப்பி, மூடியைத் திருகி, அவன் கட்டில் காலடியில் வைத்துவிடுவாள். காபி குடித்தால் அந்த அளவைப் பாட்டிலிலிருந்து சாய்த்துவிடுவாள். மோர் கேட்டால் அதற்கும் அப்படியே. பார்க்கிறவர்கள், புருஷனுக்குத் தண்ணீர் கொடுப்பதில்கூட இவ்வளவு கறாரா என்று நினைத்தார்கள். நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள். ஒரு வாய் கூடிப்போனால் ராத்திரியெல்லாம் மூச்சு வாங்க உட்கார்ந்திருப்பவனை அவர்களா தாங்கிப் பிடிக்கப் போகிறார்கள்?

இதில் கொடுமை என்னவென்றால், மாது பிறந்ததிலிருந்து தண்ணீரில் நின்றவன். மலையிலிருந்து இறங்கி, அவர்கள் ஊரான கல்லோடைக்கொட்டாயைச் சுற்றிக்கொண்டு போகும் மஞ்சக்கல்லோடையில், முழங்கால் தண்ணீரில் குனிந்து நின்று, மரவை என்கிற குழிந்த மரத்தட்டில் மணலை அள்ளிச் சுழற்றிச் சுழற்றிக் கழுவிப் பொன் எடுக்கிறவன். ஒரு ஏக்கர் மேட்டுக்காடு உண்டு. அதில் சாமையும் கொள்ளும் வந்தால் வரும், வராவிட்டால் இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓடை புரண்டு வடிந்ததும் வளைவுகளிலும் பாறை இடுக்குகளிலும் புது மணல் படியும். அப்போது ஊரில் மற்றவர்கள் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குக் கிளம்புவார்கள். மாது மரவையைத் தூக்கிக்கொண்டு ஓடைக்குக் கிளம்புவான்.

பொன் என்றதும் யாரும் கட்டி கட்டியாக நினைத்துக்கொள்ள வேண்டாம். நாளெல்லாம் கழுவினால் மரவையின் அடியில் ஒரு பிடி கருமணல் நிற்கும். அதை வெயிலில் சாய்த்துப் பார்த்தால் அங்கொன்றும் இங்கொன்றுமாக மினுங்கும். விரலால் எடுத்தால் ரேகைக்குள் போய்விடும் அளவுக்குச் சன்னம். அதனால் கருமணலில் பாதரசம் விட்டுக் கையாலேயே பிசைவான். பாதரசம் பொன்னை மட்டும் பிடித்துக்கொள்ளும். வேட்டித் துணியில் இட்டு முறுக்கிப் பிழிந்தால் மிச்சப் பாதரசம் வடிந்து, சுண்டைக்காய் அளவில் வெள்ளை உருண்டை ஒன்று நிற்கும். அதை ஓட்டாஞ்சில்லில் வைத்துக் கரி அடுப்பில் ஏற்றி ஊதினால், பாதரசம் புகையாகப் போய், வெள்ளை கொஞ்சம் கொஞ்சமாக மஞ்சளாகும். மஞ்சள் இறங்குவது என்று அந்த வீட்டில் அதற்குப் பெயர்.

மஞ்சள் இறங்கும் நேரத்தில் கதவைச் சாத்திவிட வேண்டும். ஜன்னலையும் சாக்கால் அடைக்க வேண்டும். கதவு திறந்திருந்தால், வந்த லட்சுமி வந்த வழியே போய்விடுவாள் என்பது மாதுவின் அம்மா வைத்துவிட்டுப் போன வழக்கம். ஊத வேண்டியது வீட்டுக்கு வாழ வந்தவள். கன்னிப் பெண் பக்கத்தில் இருக்கக் கூடாது. அதனால் மகள் ஐஸ்வர்யாவை வெளியே வேப்ப மரத்தடிக்கு அனுப்பிவிட்டு, புருஷனும் பெண்டாட்டியும் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அடுப்பின் முன்னால் உட்காருவார்கள். பெரியம்மாள் ஊதாங்குழலால் ஊதுவாள். மாது இடுக்கியால் சில்லைத் திருப்புவான். உருண்டை மஞ்சள் காட்டியதும் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வார்கள். வெளிப்பார்வைக்குச் சிடுசிடுப்பானவள் என்று பெயர் எடுத்த பெரியம்மாள் வாழ்க்கையில் மனம்விட்டுச் சிரித்ததெல்லாம் பெரும்பாலும் அந்தச் சாத்திய கதவுக்குள்தான்.

மாதுவின் அம்மா கடைசிக் காலத்தில் கை நடுங்கி, ஈறு கரைந்து, முகம் வீங்கித்தான் போய்ச் சேர்ந்தாள். வயசுக் கோளாறு என்று சொல்லி எடுத்துப்போட்டார்கள். மாதுவுக்கும் அதே நடுக்கம் வந்தபோது வயசு என்று சொல்ல முடியவில்லை. மரவை கையில் நிற்காமல் ஆடி, கருமணலே தண்ணீரோடு போனது. பிறகு கால் வீங்கியது. தருமபுரி ஆஸ்பத்திரியில் இரண்டு கிட்னியும் போய்விட்டது என்றார்கள். என்ன தொழில் என்று கேட்டதற்கு விவசாயம் என்றான். ஓடைப் பொன்னைப் பற்றி வெளியாட்களிடம் பேசுகிற வழக்கம் அவர்கள் வீட்டில் கிடையாது.

அதிலிருந்து வாரத்தில் இரண்டு நாள், ரத்தத்தைச் சுத்தம் செய்யும் டயாலிசிஸுக்குத் தருமபுரி பஸ். அதற்கென்று இடது கையில் ரத்த நரம்புகளைச் சேர்த்துத் தைத்துவிட்டிருந்தார்கள். அந்தக் கையால் எடை தூக்கக் கூடாது. தையல் போட்ட இடத்தில் விரல் வைத்தால் உள்ளே ரத்தம் கிர்ரென்று ஓடுவது தெரியும். "நம்ம ஓடை உள்ளாற பூந்துக்கிச்சி பாரு" என்று பெரியம்மாளின் கையை இழுத்து அதன்மேல் வைப்பான். அவளுக்கு அதைத் தொடவே பிடிக்காது. ஆனாலும் அவன் சிரிக்கிறானே என்று கையை எடுக்காமல் வைத்திருப்பாள்.

இப்படியே ஓட்ட முடியாது, வேறு கிட்னி வைத்தால்தான் நல்லது என்று டாக்டர்கள் சொன்னபோது, கொடுப்பதற்கு ஆள் பார்த்தார்கள். மாதுவின் தங்கை சுகுணா கம்பைநல்லூரிலிருந்து ஓடி வந்தாள். அவளுக்குச் சர்க்கரை, ஆகாது என்றார்கள். கட்டிக்கொடுத்த ஐஸ்வர்யா தலைப்பிள்ளை உண்டாகி, நிறை வயிறாகத் தாய்வீட்டுக்கு வந்திருந்தாள். மிச்சம் பெரியம்மாள் ஒருத்திதான். "எனக்கு எதுக்குங்க ரெண்டு? ஒண்ணை எடுத்துக்கட்டும்" என்றாள், ஏதோ குடத்தைக் கடன் கொடுப்பவள் போல. ரத்த வகை இரண்டு பேருக்கும் ஒன்றாக இருந்தது. அதைக் கேட்ட அன்று மாது பஸ்ஸில் வரும் வழியெல்லாம் யாரோ முன்பின் தெரியாத ஒருவரிடம், "எம் பொண்டாட்டி ரத்தமும் எம் ரத்தமும் ஒண்ணாம், பாத்துக்கங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தான்.

மீதிப் பரிசோதனையெல்லாம் சேலத்துப் பெரிய ஆஸ்பத்திரியில். முடிவு சொல்கிற நாள் மாதுவுக்குத் தருமபுரி போகிற நாளாக அமைந்துவிட்டது. சுகுணா அண்ணனைக் கூட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போக, பெரியம்மாள் தனியாகப் பொம்மிடியில் ரயில் ஏறினாள்.

கிட்னிப் பிரிவில் நிர்மலாதேவி என்று ஒரு நர்ஸ். கொடுக்க வருகிறவர்களிடம் பேசுவதுதான் அவள் வேலை. போன தடவையே பெரியம்மாளைத் தனியே உட்காரவைத்து, "யாராச்சும் வற்புறுத்துறாங்களாம்மா? பயமா இருந்தா கடைசி நிமிஷத்துலகூட வேண்டாம்னு சொல்லலாம். அதோட ஃபைல மூடிடுவோம். ஏன்னு உங்க வீட்டு ஆளுங்க வந்து கேட்டாலும் சொல்ல மாட்டோம்" என்றிருந்தாள். பெரியம்மாளுக்கு அப்போது சிரிப்புத்தான் வந்தது.

அன்றைக்கு நிர்மலாதேவி சிரிக்கவில்லை. நேராக டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனாள்.

"உங்க வீட்டுக்காரர் என்ன வேலம்மா பாக்கறார்?"

"வெவசாயங்க."

"வேற?"

"ஆடு மாடு இருக்குதுங்க."

"பல்லு வெளக்கும்போது ஈறுல ரத்தம் வருதா உங்களுக்கு?"

"வருங்க. அது ரொம்ப நாளா வருதுங்க."

"கைய நீட்டுங்க. விரலை விரிச்சு."

நீட்டினாள். விரல் நுனிகள் லேசாக ஆடின. தன் கை ஆடுகிறது என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"அம்மா, நான் போலீஸ் இல்ல" என்றார் டாக்டரம்மா. "வீட்டுல மருந்து, பாதரசம், ஆசிட்டு, இப்படி ஏதாச்சும் புழங்கறீங்களா? உங்களுக்கு யூரின்ல புரதம் போகுது. உங்க கிட்னியும் அடி வாங்கியிருக்கு. அவருக்கும் உங்களுக்கும் ரத்த சம்பந்தம் இல்ல. ஒரே வீட்டுல ரெண்டு பேருக்கும் இப்படின்னா ஏதோ ஒண்ணு ரெண்டு பேர் உடம்புலயும் போயிருக்கணும்."

பெரியம்மாளுக்கு அதற்கு மேல் மறைக்கத் தோன்றவில்லை. ஓடை, கருமணல், பிசைவது, பிழிவது, அடுப்பு, ஊதாங்குழல் என்று எல்லாவற்றையும் சொன்னாள். கதவைச் சாத்துவதைச் சொன்னபோது டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"கதவு, ஜன்னல் எல்லாமா?"

"ஆமாங்க. லட்சுமி போயிருமுன்னு."

பிறகு டாக்டரம்மா மெதுவாகச் சொன்னார். "அந்தப் புகைதாம்மா விஷம். ரத்தத்துல எவ்ளோன்னு பாக்கணும். ஆனா அதுவாத்தான் இருக்கும். உங்களுக்கு இப்போதைக்குக் கொஞ்சம்தான். மாத்திரை சாப்பிட்டுக் கவனமா இருந்தா தள்ளிக்கிட்டே போகலாம். ஆனா ஒண்ணை எடுத்துட்டா மிச்சம் இருக்கறது தாங்காது. நீங்க குடுக்கக் கூடாது. அந்த அடுப்பை இனிமே பத்த வெக்கவே கூடாது. புள்ளத்தாச்சி, சின்னக் கொழந்தைங்க இருந்தா அந்தப் பக்கமே விடாதீங்க. அடுத்த தடவ அவரையும் கூட்டிட்டு வாங்க, நானே விளக்கிச் சொல்றேன்."

"அவருகிட்ட சொல்லாதீங்கம்மா" என்றாள் பெரியம்மாள்.

திரும்பும் ரயிலில் கூட்டமில்லை. லோக்கூர்க் காட்டுக்குள் வண்டி மெதுவாக ஏறும்போது ஜன்னல் ஓரம் உட்கார்ந்து அழுதாள். தனக்கு வந்துவிட்டதே என்று அழவில்லை. அது மனசுக்குள் இன்னும் வந்து சேரவே இல்லை. அந்த மனுஷனுக்குத் தெரிந்தால் என்ன ஆவான் என்பதுதான் அவளைப் பிழிந்தது. தன் கையால் மூட்டிய அடுப்பு பெண்டாட்டியைத் தின்றுவிட்டது என்று தெரிந்தால் மாது அடுத்த முறை தருமபுரி பஸ் ஏற மாட்டான். அது அவளுக்கு நிச்சயம். ஒருமுறை அவன் வெட்டிய மரம் சாய்ந்து கன்றுக்குட்டி ஒன்றின் கால் ஒடிந்ததற்கே இரண்டு நாள் சோறு தின்னாமல் கிடந்தவன்.

பொருந்தவில்லை என்று சொல்லலாம். ஆனால் ரத்தம் ஒன்று என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறான். என்ன பொருந்தவில்லை என்று டாக்டரிடமே வந்து நிற்பான். சுகுணா ரிப்போர்ட்டை வாங்கிப் படித்தவர்களிடம் காட்டுவாள். யாரும் மேற்கொண்டு எதுவும் கேட்க முடியாத பதில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதை நிர்மலாதேவியே சொல்லிக் கொடுத்திருந்தாள். புட்டிரெட்டிப்பட்டி தாண்டுவதற்குள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டுவிட்டாள்.

வீட்டுக்கு வந்தபோது மாது கட்டிலில் படுத்திருந்தான். டயாலிசிஸ் முடிந்த நாளில் துவைத்துப் போட்ட துணி மாதிரிதான் கிடப்பான். சுகுணா வாசலுக்கே வந்துவிட்டாள்.

"என்னா அண்ணி, எப்ப பண்றாங்களாம்?"

"பண்ணலை."

"பண்ணலைன்னா?"

"நான் தரலன்னு சொல்லிட்டு வந்துட்டன்."

சுகுணாவுக்கு விளங்கவில்லை. "வெளையாடாத அண்ணி" என்றாள்.

"பயமா இருக்குது சுகுணா. வயித்தக் கிழிச்சி எடுக்கறாங்களாம். அங்க ஒரு பொம்பள படுத்துக் கெடந்தா, பாத்தன். எனக்கு ஒண்ணு ஆயிட்டா? என்னால ஆவாது."

"இத்தினி நாளா தர்றன் தர்றன்னு சொல்லிட்டு, இப்ப வந்து ஆவாதுங்கறியா? எனக்குச் சக்கரை மட்டும் இல்லாட்டிப் போனா ரெண்டையுமே புடுங்கிக் குடுத்திருப்பன், தெரியுமா?"

"தெரியும்."

"உன் உசுரு வெல்லக்கட்டி. எங்கண்ணன் உசுரு என்னா, பாத்தரம் கழுவி ஊத்தற தண்ணியா? தண்ணிய அளந்து அளந்து ஊத்தறப்பவே எனக்குத் தெரியும், உன் மனசு எம்மாந்தண்டின்னு!"

வாய்க்கு வாய் பேசுகிற பெரியம்மாள் பேசாமல் நின்றதே அவள் குற்றத்தை ஒப்புக்கொண்டது போலாகிவிட்டது. உள்ளேயிருந்து ஐஸ்வர்யா வயிற்றைத் தாங்கிக்கொண்டு வந்து, அம்மாவை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்குச் சுகுணாவின் பேச்சே தேவலை என்றிருந்தது.

"வுடு சுகுணா" என்றான் மாது, கண்ணைத் திறக்காமலே. "பயமா இருக்குதுன்னா என்னா பண்றது? புடிச்சிக் கட்டியா அறுக்க முடியும்?"

"நீ பேசாத அண்ணா. இவளுக்கு எடங்குடுத்து எடங்குடுத்துத்தான்..."

"வுடுன்னு சொல்றன்ல!"

சுகுணா அன்றைக்கே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். பெரியம்மாள் அடுப்படிக்குப் போனாள். பரணில் இருந்த பாதரச சீசாவை எடுத்து, மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் ஆழமாகக் குழி வெட்டிப் புதைத்தாள். ஊதாங்குழலை என்ன செய்வதென்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அதன் வாய் வைக்கும் இடம் அவள் உதட்டுக்கே தேய்ந்து போயிருந்தது. அதைப் போட மனசு வராமல் விறகுக் கட்டுக்குள் செருகிவிட்டாள்.

கொட்டாய் முழுக்கப் பேச்சு பரவியது. பால் சொசைட்டியில் அவள் கேனைத் தூக்கிக்கொண்டு போனால் பேச்சு நிற்கும், திரும்பினால் தொடங்கும். "நாங்களா இருந்தா..." என்று ஆரம்பிப்பார்கள். கொடுக்க வேண்டிய கட்டாயம் வராதவரைக்கும் எல்லோருக்கும் கிட்னி தாராளமாகத்தான் இருக்கிறது. பெரியம்மாள் பாலை அளந்து ஊற்றிவிட்டு வந்துவிடுவாள்.

இதையெல்லாம் அவளால் தாங்க முடிந்தது. மாது சில நாள் தண்ணீர்ப் பாட்டிலை அவள் கையால் வாங்காமல் தானே நிரப்பிக்கொண்டதைத்தான் தாங்க முடியவில்லை.

ஒரு நாள் காலை வெயில் ஏறியதும் அவனைக் கட்டிலில் காணவில்லை. எங்கே போயிருப்பான் என்று தேட வேண்டியதே இல்லை. வடித்த சோற்றில் சுரைக்காய்க் கூட்டைப் பிசைந்து தூக்குப்போசியில் எடுத்துக்கொண்டு ஓடைக்கு நடந்தாள்.

மழை விட்டுத் தண்ணீர் தெளிந்திருந்தது. மாது பாறைமேல் உட்கார்ந்து இரண்டு காலையும் ஓடையில் தொங்கவிட்டிருந்தான். நனைத்த துண்டை வாயில் வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தவன், அவளைப் பார்த்ததும் திருட்டுப் பிள்ளை போலத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டான்.

"துப்பிட்டன் புள்ள. முழுங்கல."

"நான் ஒண்ணுங் கேக்கலியே. சோறு தின்னுங்க."

தின்றான். உப்பில்லாத சோற்றைக் குறை சொல்லாமல் தின்றான். பெரியம்மாள் பக்கத்துப் பாறையில் உட்கார்ந்து புது மணல் படிந்திருந்த வளைவைப் பார்த்தாள்.

"நல்லா சேந்திருக்குது பாரு" என்றான் மாது. "இந்த வருசம் மாதிரி எந்த வருசமும் கருமணல் எறங்கல. கை மட்டும் நின்னிச்சின்னா..."

"அதெல்லாம் போதுங்க. நமக்கு வேணாம்."

"நான் உம்மேல கோவமா இருக்கறன்னு நெனக்கறியா?"

"இருந்தா ஞாயந்தான்."

"மொதல்ல இருந்திச்சி. பொய் எதுக்குச் சொல்லணும்? இவளுக்கு நாம என்னா கொறை வெச்சமுன்னு தோணிச்சி. அப்பறம் யோசிச்சிப் பாத்தன். நீ எதுக்கும் பயந்தவ கெடையாது. பாம்பக் கொம்புல எடுத்து வீசறவ. நீயே பயந்துட்டன்னா அது எம்மாம் பெரிய பயமா இருக்கணும்! அதப் போயி நான் கேக்கறது தப்பு."

பெரியம்மாள் காலித் தூக்குப்போசியை ஓடையில் அலசினாள்.

"ஒரு விதத்துல நல்லதுதான் புள்ள. நான் எப்படியும் இருக்கற வரைக்கும் இருக்கறன். உன்னையும் அறுத்துப் போட்டு, ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா, ஐசுவுக்கு யாரு இருக்கறாங்க? பொறக்கற புள்ளயத் தூக்கி வளக்க ஒரு ஆளாச்சும் முழுசா இருக்கணுமில்ல? நீ முழுசா இருக்கற. அது போதும் எனக்கு."

முழுசா என்ற அந்தச் சொல் அவளை எங்கேயோ போய்க் குத்தியது. சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. அவன் முகத்தைப் பார்த்தாள். வெகு நாளைக்குப் பிறகு அதில் ஒரு நிம்மதி இருந்தது. அதை எடுத்து எறிய அவளுக்குக் கை வரவில்லை.

"எழுந்திரிங்க, வெயில் ஏறுது" என்றாள்.

"பேரப் புள்ளைக்கு இந்தத் தாத்தன் ஒண்ணும் வெக்கலன்னு யாரும் சொல்ல வேணாம். வெச்சிருக்கறன்" என்றான் மாது, அவள் தோளைப் பிடித்து எழுந்தபடி. சும்மா பேச்சுக்குச் சொல்கிறான் என்று அவள் எடுத்துக்கொண்டாள். மறுநாளிலிருந்து பாட்டிலை மறுபடியும் அவள் கையால் வாங்கிக்கொண்டான்.

அடுத்த வாரத்தில் ஒரு நாள் ரேஷன் கடையில் அரிசி போடுவதாகச் சொன்னார்கள். ஐஸ்வர்யாவை அப்பாவுக்குத் துணையாக விட்டுவிட்டுப் போனாள். வரிசை நீளம். அரிசிப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு அவள் திரும்பும்போது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. வேப்ப மரத்தைத் தாண்டியதும் வீட்டைப் பார்த்தாள். பட்டப்பகலில் கதவு சாத்தியிருந்தது. ஜன்னலில் சாக்கு தொங்கியது. ஓட்டு இடுக்கில் கரிப் புகை மெலிதாகக் கசிந்துகொண்டிருந்தது.

அரிசிப் பை எங்கே விழுந்தது என்று அவளுக்குத் தெரியாது.

"ஏங்க! கதவத் தொறங்க! ஐசு! ஏ ஐசு!"

"கொஞ்சம் இரு புள்ள" என்று உள்ளேயிருந்து மாதுவின் குரல் வந்தது. குரலில் பழைய உற்சாகம் இருந்தது. "ஓட்டுச் சந்துல ஒரு உருண்டை சொருவி வெச்சிருந்தன். நோவு வர்றதுக்கு முன்னால பிழிஞ்சது. புள்ளைக்குக் காது குத்த ஆவட்டுமுன்னு. இப்பத்தான் அடுப்புல வெச்சம், மஞ்ச எறங்கட்டும், தொறக்கறன்."

"யாரு ஊதறது?"

"நான்தாம்மா" என்றாள் ஐஸ்வர்யா. "அப்பாவுக்கு மூச்சு பத்தலன்னு. கல்யாணமானவதான, ஊதலாம்னாரு."

பெரியம்மாள் ஓங்கிக் கதவை உதைத்தாள். பழைய கதவு, பழைய தாழ்ப்பாள். மூன்றாவது உதையில் ஆணியோடு பிடுங்கிக்கொண்டு திறந்தது. அடுப்பின் முன்னால் ஐஸ்வர்யா வயிற்றுக்கு மேல் குனிந்து உட்கார்ந்திருந்தாள். அவள் வாயில் அம்மாவின் ஊதாங்குழல் இருந்தது. பெரியம்மாள் அதைப் பிடுங்கி எறிந்தாள். மகளை அக்குளில் கை கொடுத்துத் தூக்கி வெளியே தள்ளிக்கொண்டு போய் மரத்தடியில் விட்டாள். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்ப ஓடி, கரி அடுப்பை ஒற்றைக் கையால், வெறுங்கையால், காதைப் பிடித்துத் தூக்கி வாசலுக்குக் கொண்டுவந்து வீசினாள். கங்குகள் சிதறின. ஓட்டாஞ்சில் உடைந்தது. உருண்டை மண்ணில் உருண்டு நின்றது.

குனிந்து பார்த்தாள். இன்னும் வெள்ளையாகத்தான் இருந்தது. மஞ்சள் இறங்கவில்லை, பாதரசம் புகையாகப் போய்விடவில்லை. அவள் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

மாது சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தான். கையில் தண்ணீர்ப் பாட்டில்.

"பைத்தியமா உனக்கு? வூட்டு லட்சுமியத் தூக்கித் தெருவுல வீசற? எம் பேரப் புள்ளைக்கு நான் வெக்கறது உனக்குப் பொறுக்கலியா? நீதான் ஒண்ணுங் குடுக்க மாட்டன்னுட்ட, என்னையும் குடுக்க வுட மாட்டியா?"

அவன் அவளிடம் அப்படி ஒரு சொல் சொன்னதே இல்லை. பெரியம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். இனி மறைத்து என்ன ஆகப் போகிறது? மறைத்ததனால்தானே இன்றைக்கு இவ்வளவும் நடந்தது?

"அந்தப் பொகைதாங்க" என்றாள். "அதுதான் உங்களத் தின்னுது. டாக்டரம்மா சொன்னாங்க. கதவச் சாத்தி வெச்சிக்கிட்டு உறிஞ்சினமே, அதாங்க. புள்ளத்தாச்சி கிட்டயே வரக் கூடாதாம்."

மாது அடுப்பைப் பார்த்தான். உருண்டையைப் பார்த்தான். மரத்தடியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற மகளைப் பார்த்தான். பிறகு பெரியம்மாள் மடியில் வைத்திருந்த கையைப் பார்த்தான். உள்ளங்கை வெந்து தோல் சுருண்டிருந்தது. விரல்கள் ஆடிக்கொண்டிருந்தன. அந்த ஆட்டம் அவனுக்குத் தெரிந்த ஆட்டம். தன் கையில் பார்த்திருக்கிறான். தன் அம்மாவின் கையில் பார்த்திருக்கிறான்.

"நீதான ஊதுன" என்றான் மெதுவாக. "அத்தினி வருசமும் நீதான ஊதுன."

பெரியம்மாள் அந்தக் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"அப்ப... நீ பயப்படலியா?"

"இல்லீங்க."

"குடுக்க முடியாதுன்னு அவங்கதான் சொன்னாங்களா?"

ஆமாம் என்று அவள் தலையை ஆட்டினாள்.

மாது அவள் எதிரில் மண்ணில் உட்கார்ந்தான். அழவில்லை. பாட்டிலின் மூடியைத் திருகினான். நடுங்கும் கையால் அவளுடைய வெந்த கையைப் பிடித்து விரித்து, அதன்மேல் தண்ணீரைச் சாய்த்தான். பின்கட்டில் குடம் நிறையத் தண்ணீர் இருந்தது. அவனுக்கு அது நினைவுக்கு வரவில்லை.

"ஐயோ, அது இன்னிக்கு உங்க பங்குங்க. கீழ வுடாதீங்க. சாயங்காலத்துக்கு என்னா பண்ணுவீங்க?"

அவன் நிறுத்தவில்லை. பாட்டில் காலியாகும் வரைக்கும் ஊற்றினான். தண்ணீர் அவள் உள்ளங்கையில் விழுந்து, விரலிடுக்கில் வழிந்து, மண்ணுக்குள் போனது. ஐஸ்வர்யா விம்மும் சத்தம் மரத்தடியிலிருந்து கேட்டது.

"உனக்கு எத்தினி தண்ணி சொல்லியிருக்கறாங்க?" என்று கேட்டான் மாது.

"எனக்கு இன்னும் அளவு போடலீங்க" என்றாள் பெரியம்மாள்.